பாக்கி இருந்த பதினோரு ஆட்டம்

கூடத்துத் தரையை உடைக்கக் கொத்தனார் இன்று காலை வந்துவிட்டார். மொசைக் போட்டே ஆக வேண்டும் என்று நம் மகள் பிடிவாதமாக நிற்கிறாள். பீரோவை நகர்த்திப் பாயைச் சுருட்டியதும் கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்கம்மா, இதென்னங்க, தாயக்கட்டமாட்டம் பச்சை பெயிண்ட்ல போட்டிருக்குது? தாயத்துக்கு இத்தனை நீளம் வராதுங்களே?”

“அது ஒரு பனியன் கம்பெனிங்க. உடைங்க,” என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தேன். முதல் அடி விழுந்த சத்தம் கேட்டதும் உங்களுக்கு எழுதக் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

போனவர்களைப் பற்றி நல்லதையே நினைக்க வேண்டும் என்று அண்ணி சொல்கிறார்கள். நினைக்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் பச்சைப் பெயிண்டைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கு நல்லது நினைக்கத் தோன்றும்? காவி போட்டு, தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து நான் மெருகேற்றிய தரை அது. அதில் கதவுக்கு அடிக்கும் பெயிண்டால் கட்டம் போட ஒரு மனுஷனுக்கு எப்படிக் கை வந்தது? நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. எரிச்சல் ஒரு துளி குறையவில்லை.

அப்போது மண்ணரையில் நம் கம்பெனிக்கு ஆறு நிட்டிங் மிஷின். நீங்களும் என் அண்ணனும் கூட்டாளிகள். கோயமுத்தூர் மில்லில் இருந்து நூல் வரும். மிஷினில் துணியாகும். மாரப்பனுடைய மாட்டு வண்டியில் ஏறி ஆற்றங்கரைச் சலவைப் பட்டறைக்குப் போகும். அங்கே வெளுத்து, பக்கத்துக் களத்தில் வெயிலில் காயப்போட்டு, அதே வண்டியில் திரும்பி வரும். பிறகு வெட்டி, தைத்து, பெட்டியில் அடுக்கி ரயிலேற்ற வேண்டும். கல்கத்தா போய்ச் சேர வேண்டும். எழுதும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது! ஒரு ஆர்டராவது சொன்ன நாளில் போனதா? நூல் வந்தால் கரண்ட் இருக்காது. துணி தயாரானால் மாரப்பனின் மாட்டுக்குக் காலில் வீக்கம். வெளுத்து எடுத்தால் வானம் இருட்டிக்கொண்டு வரும்.

கல்கத்தா வியாபாரி கடைசியாக எழுதிய கடிதத்தை நீங்கள்தான் எனக்குப் படித்துச் சொன்னீர்கள். அடுத்த குளிர்காலச் சரக்கும் தாமதமானால் வேறு ஊர் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். அன்று மத்தியானம் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார்.

“மிஷின் பத்தல மாப்ள. இன்னும் நாலு மிஷின் வாங்கிப் போட்டாச் சரக்கு தானா நேரத்துக்குப் போகும். அம்மணியோட சேவூர்க் காடு இருக்குதில்ல, அதைக் கொடுத்துப் போடலாம். நான் அம்மணிகிட்டக் கேட்டுட்டேன்.”

கேட்டிருந்தார். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். அப்பா எனக்கு எழுதி வைத்த மூன்று ஏக்கர் விளைநிலம் அது. கிணறும் நாலு வேப்ப மரமும் உள்ள காடு. கொடுக்க எனக்கு மனசு வலிக்காமல் இல்லை. ஆனால் கம்பெனி போய்விட்டால் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எண்ணினேன்.

நீங்கள் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது. நீங்கள் சொன்னது இதுதான்: “சித்தெ பொறுங்க மச்சான். ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

கம்பெனி தொடங்கும் முன்பு ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் நீங்கள். எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதம் என்று எழுதி எழுதிப் பழகிய கை. கம்பெனியிலும் ஒரு நோட்டுப் போட்டு, ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும் குறித்து வைத்திருந்தீர்கள். இன்று வண்டி வரவில்லை. இன்று கரண்ட் அரை நாள். இன்று மழை, களம் சும்மா கிடந்தது. இன்று நல்ல வெயில், இரண்டு ஈடு காய்ந்தது. அந்த நோட்டைப் பிரித்து ஒவ்வொரு நாளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினீர்கள். முந்நூற்றுச் சில்லறைச் சீட்டையும் என் பித்தளைச் சொம்பில் போட்டீர்கள். கூடத்தில் சாக்பீஸால் ஏழு கட்டம். நூல், மிஷின், வண்டி, சலவை, களம், தையல், ரயில். ஒரு புளியங்கொட்டை ஒரு கட்டுத் துணி. ஒரு சீட்டு ஒரு நாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி கொட்டை நகரும், அல்லது நகராமல் கிடக்கும். தொண்ணூறு சீட்டு எடுத்தால் புரட்டாசியில் இருந்து கார்த்திகை வரை ஓடி முடிந்துவிடும். அது ஓர் ஆட்டம்.

சீட்டு எடுப்பது யார்? நான்.

“நானே எடுத்தா என்ற கை எனக்குச் சாதகமா எடுத்துப்போடும் புள்ள. நீ எடு.”

மத்தியானச் சோறு ஆனதும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள். அடுப்படியில் பாத்திரம் கிடக்கும். நான் உட்கார்ந்து சொம்பில் கைவிட்டுக்கொண்டிருப்பேன். எடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போடச் சொன்னீர்கள்.

“திருப்பிப் போட்டா அதே சீட்டு மறுக்காவும் வருமுங்களே?”

“வரட்டும். மழையும் அப்பிடித்தான வருது?”

நாள் தவறாமல் காலையில் நான் கூடம் பெருக்கித் துடைப்பேன். கட்டம் அழிந்துவிடும். நீங்கள் மறுபடி போடுவீர்கள். நாலு நாள் பார்த்தீர்கள். ஐந்தாம் நாள் நான் கடைவீதிக்குப் போய்விட்டு வருவதற்குள் பச்சைப் பெயிண்ட். அன்று நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை. பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு நாள் அண்ணி வந்தபோது நாம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மறுவாரம் மண்ணரை முழுக்கப் பேச்சாகிவிட்டது. கம்பெனி ஓடாமல் புருஷனும் பெண்டாட்டியும் பாண்டி ஆடுகிறார்களாம். குழாயடியில் என்னை நிறுத்தி, “இன்னைக்கு ஆருங்க ஜெயிச்சது?” என்று கேட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. உங்களிடம் வந்து சொன்னேன். “அவுங்களும் வந்து ஒருக்கா எடுத்துப் பாக்கட்டுமே,” என்றீர்கள்.

இரண்டு விதமாக ஆடினீர்கள். புளியங்கொட்டை அண்ணன் சொன்ன வழி, பத்து மிஷின். ஆமணக்கு விதை நீங்கள் யோசித்த வழி, பழைய ஆறு மிஷினோடு, மழையிலும் துணி காயக் களத்தில் ஒரு நீளமான கூரைக் கொட்டகை. நான் எடுக்கும் ஒரே சீட்டுக்கு இரண்டும் நகர வேண்டும். ஏன் தனித்தனியாக ஆடக் கூடாது என்று கேட்டேன், குழப்பம் இல்லாமல் இருக்குமே என்று.

“ஒரே மழைல ரெண்டையும் நனைச்சாத்தான் எது தேவலைன்னு தெரியும்.”

பத்து நாள் ஆனது. சீட்டு எடுத்து எடுத்து எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் ஐப்பசி நடுவில் வரிசையாகப் பளிச் பளிச்சென்று வெயில் சீட்டாக வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, சித்திரை மாசத்து வெயிலைக் கொண்டாந்து ஐப்பசில போடறீங்களே, இது எந்த ஊரு ஐப்பசிங்க? எல்லா மாசத்தையும் ஒரே சொம்புல கலக்கி வெச்சா இப்பிடித்தான் வரும்.”

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். கலியாணம் ஆன நாளில் இருந்து அப்படி ஒரு பார்வையை நீங்கள் என்மேல் வைத்ததில்லை. “அட, ஆமா புள்ள,” என்றீர்கள். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் நீங்கள் எல்லாக் கொட்டையையும் வாரி முறத்தில் போட்டுவிட்டீர்கள். பத்து நாள் ஆட்டமும் தப்பாம். முதலில் இருந்து ஆட வேண்டுமாம். மாசத்துக்கு ஒரு சொம்பாக மூன்று சொம்பு வேண்டுமாம். அடுப்படியில் தண்ணீர் மொள்ள எனக்குச் சொம்பில்லாமல் போனது. வாயைத் திறந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

புது ஆட்டத்தில் எனக்கே விஷயம் தெரியத் தொடங்கிவிட்டது. சீட்டை எடுப்பது என் கை அல்லவா? பத்து மிஷினும் துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐப்பசிச் சொம்பில் நாலு மழைச் சீட்டு அடுத்தடுத்து வந்தால் போதும், களத்துக்கு முன்னால் புளியங்கொட்டை குவிந்துவிடும். வெயில் வந்தாலும் அந்தக் குவியல் கரையாது, புதுக் கொட்டை வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஆமணக்கு விதை மெதுவாகத்தான் போகும். ஆனால் போய்ச் சேரும். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் எங்கே சொன்னீர்கள்? நாற்பது ஆட்டம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டீர்கள். நாலு ஆட்டத்தில் வந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம், நாற்பதில் வந்தால்தான் நம்பலாம் என்றீர்கள். இருபத்தொன்பது ஆட்டம் முடிந்த அன்று அண்ணன் வந்தார். மிஷின் விற்பவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பாராம். காட்டுக்கும் ஆள் வந்துவிட்டது.

“மாப்ள, எனக்கு ஒரே பேச்சு சொல்லுங்க. வாங்கலாமா, வேண்டாமா?”

“இன்னும் பதினோரு ஆட்டம் பாக்கி இருக்குதுங்க மச்சான்.”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் உங்கள் முன்னால் வந்து நின்றேன். “நீங்க வாயைத் தொறந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடல,” என்றேன். நீங்கள் குனிந்து கொட்டைகளைக் கட்டத்தில் அடுக்கிக்கொண்டே, “முடிச்சுட்டுச் சொல்றேன் புள்ள,” என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணனோடு அவிநாசி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தெரியாமல் போடவில்லை. எது நடக்கும் என்று தெரிந்தே போட்டேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் என் காட்டைக் கொடுத்தேன். இதை நான் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

நாலு மிஷினும் வந்தன. மாலை போட்டுச் சூடம் காட்டினோம். அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. சலவைப் பட்டறையில் வெளுத்த துணி ஈரத்தோடு மலையாகக் குவிந்தது. அந்தப் பக்கம் போனாலே புளித்த வாடை அடித்தது. மிஷினை நிறுத்தச் சொல்லி நானே அண்ணனிடம் ஆள் அனுப்பினேன். வாங்கிய மிஷினை எப்படிச் சும்மா போடுவது என்று அவர் ஓட்டினார். கார்த்திகையில் வெயில் வந்து பிரித்துப் பார்த்தால் பாதித் துணியில் பூசணம். கரும்புள்ளி விழுந்த பனியனை யார் வாங்குவார்கள்? கல்கத்தா வியாபாரி ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

அப்போதே சொன்னேனே என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் சொன்னதே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு களத்தோரம் நின்று, நோட்டில் மழையைக் குறித்துக்கொண்டிருந்தீர்கள். “இந்த வருஷத்து நாளுஞ் சேரட்டும்,” என்றீர்கள். அந்த நோட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிய எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

“ஏனுங்க மாமா, உங்களுக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு? வேண்டாம்னு என்னைத் தடுத்திருக்கலாமில்லீங்களா?”

நீங்கள் நனைந்த சட்டையோடு நின்றீர்கள். “எனக்குத் தெரியாது புள்ள,” என்றீர்கள். “இருவத்தொம்போது ஆட்டத்துல ஏழு ஆட்டம் உங்கண்ணன் சொன்னதுதான் ஜெயிச்சுது. மழை கொறஞ்ச வருஷமா இருந்திருந்தா அவருதான் சரி. அது உங்கப்பன் குடுத்த காடு. ஏழு ஆட்டத்தை மறைச்சுப்போட்டு உன்கிட்ட வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது?”

“அந்த ஏழையும் சொல்லிப்போட்டு, எனக்கு வேண்டாம்னு தோணுதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

நீங்கள் சட்டையைக் கழற்றிப் பிழிந்து கொடியில் போட்டீர்கள்.

தை மாதம் அண்ணன் வந்தார். கூடத்துப் பச்சைக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார். “மாப்ள, கொட்டகை எத்தனை நீளம் போடோணும்?” என்று கேட்டார். நீங்கள் உடனே சொல்லிவிட்டீர்கள், அடியும் அங்குலமுமாக. ஆச்சரியமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து மிச்சம் பதினோரு ஆட்டத்தையும் ஆடி முடித்திருக்கிறீர்கள், சீட்டை நீங்களே எடுத்து. என் கை இல்லாமல் ஆடிய ஆட்டம் செல்லுமா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கொட்டகை வந்தது. அதோடு, புரட்டாசிக்கு முன்பே கொஞ்சம் துணியை வெளுத்துக் காயவைத்து அடுக்கி வைக்கும் பழக்கமும் வந்தது. அடுத்த குளிர்காலச் சரக்குக்குப் பம்பாயில் ஒருவரைப் பிடித்தோம். எல்லாமே நேரத்துக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் போனது. கம்பெனி நிலைத்தது. பத்து மிஷினும் ஓடுகிற அளவுக்கு வர இன்னும் சில வருஷம் பிடித்தது. சேவூர்க் காடு திரும்பவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது வேப்ப மரங்களை எண்ணுவேன். இப்போது மூன்றுதான் இருக்கின்றன.

போன மாதம் கோயமுத்தூர் இன்ஜினியரிங் காலேஜில் இருந்து ஒரு வாத்தியார் கம்பெனியைப் பார்க்க வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக அண்ணன் உங்கள் ஆட்டத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வாத்தியார் சிரிக்கவில்லை. இதற்கு சிமுலேஷன் என்று பெயராம். வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் எந்த ஊரில் குடோன் வைப்பது, எத்தனை மிஷின் போடுவது என்பதையெல்லாம் இப்படித்தான் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்களாம். ஒரு மத்தியானத்தில் ஆயிரம் ஆட்டம் ஆடிவிடுமாம் அந்த மிஷின். “உங்க வீட்டுக்காரருக்கு இதை ஆரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டார். எனக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. கையில் நாற்பது ஆடுவதற்கே அந்தப் பாடு படுத்தினீர்கள். ஆயிரம் என்று தெரிந்திருந்தால் எங்களுக்கு எந்தக் காலத்தில் பதில் சொல்லியிருப்பீர்கள்?

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

வயிற்றுப் புண் முற்றி உங்களைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம். மருந்திலும் பத்தியத்திலும் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். நீங்கள் கேட்டீர்கள், “என்னையாட்டம் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? அதுல எத்தனை பேரு எந்திரிச்சு ஊட்டுக்குப் போனாங்க?” டாக்டர் தங்கமானவர், கோபிக்கவில்லை. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, எண்ணிக்கை சொல்லி ஏமாற்றக் கூடாது என்றார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். ஒரு நோட்டுக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். பக்கத்து வார்டுகளில் போய் விசாரித்து வரச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். சத்தியமாகப் போயிருப்பேன். ஆனால் நீங்கள் திரும்பி, “நீ சொல்லு புள்ள,” என்றீர்கள்.

எத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்களை நான் பிடுங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை என் வாயில் இருந்து கேட்டுவிட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? எதை எண்ணியிருக்கிறேன்? நீங்கள் வலியில் சுருண்டு படுப்பதைப் பார்க்க முடியவில்லை, அது ஒன்றுதான் தெரியும்.

“பண்ணிக்கலாங்க,” என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் நீங்கள் இல்லை. யார்மேலும் குற்றம் இல்லை, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம் என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் மருந்தில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாதி வேலையில் கை நின்றுவிடுகிறது. ஒரே உடம்பை இரண்டு வழியிலும் விட்டுப் பார்க்க எனக்கு எந்தச் சொம்பும் இல்லை. வேண்டாம் என்கிற வார்த்தை ஏன் உங்கள் வாயில் வரவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. புரிவதால் கோபம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். என்னிடம் கேட்டிருக்கக் கூடாது நீங்கள்.

கேட்டீர்கள். சொன்னேன். சொன்ன மறுகணம் உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். “செரி,” என்றீர்கள், அவ்வளவுதான். நாற்பதுக்குக் குறைந்து எதையும் நம்பாத மனுஷன், நான் ஒரே ஒரு தடவை சொன்னதும், இன்னொருக்கா பார்க்கலாம் என்று சொல்லாமல், அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். அந்த “செரி”யைத்தான் மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்கவும் தெரியவில்லை, யாரிடமும் கொடுக்கவும் மனசில்லை.